வயர்லெஸ்ஸில் சூசையின் குரல்

திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு மீனவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு முடி நரைத்திருந்தது, மற்றவன் இளைஞன். பெரியவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"நம்ம சூசை இங்கிலீஷ் பேசுதான்லே."

"மாமா, சூசையண்ணன் செத்து வருசம் திரும்பப் போவுது."

"எனக்குத் தெரியாதாலே? என் தங்கச்சி மாப்பிள்ளதான. வள்ளம் முங்கையில வயர்லெஸ்ஸுல தமிழ்ல கத்துனான். பக்கத்துலயே ஒரு கப்பல் நின்னுச்சு. கப்பல்காரன் 'இங்கிலீஷ், இங்கிலீஷ்'னே சொல்லிக்கிட்டிருந்தான். நாங்க தூரத்துல கெடந்தோம். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதான் வந்தோம். வந்து சேரயில ஆளு இல்ல."

"வெள்ளக்காரன் போயும் கடல்ல அவன் பேச்சுதான்."

"இப்ப அந்த எடத்தத் தாண்டும்போதெல்லாம் வயர்லெஸ்ஸுல வாரான். அவன் குரலேதான். இங்கிலீஷுக்குப் பயந்து பள்ளிக்கூடத்த விட்டவன், தொர மாதிரி படபடன்னு பேசுதான்."

இளைஞன் மெதுவாகக் கேட்டான்:

"என்ன சொல்லுதாரு?"

"எனக்கு என்னலே தெரியும்? 'தமிழ்ல சொல்லு மாப்ள, தமிழ்ல சொல்லு'ன்னு நானும் கெஞ்சுதேன். அவன் இங்கிலீஷ்லயே கூப்பிட்டுக்கிட்டிருக்கான்."