மலாக்கியின் பட்டடை எந்தப் பக்கம்?

உலையை அணைத்துக் கலையை வளர்க்க முன்வந்திருக்கும் கைவினைக் காப்புக் குழுத் தலைவர் கோல்மன் ஹெஷன் அவர்களே, ஆமாம் போடுவதற்கென்றே அவர் அருகில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பின்வரிசையில் தேநீர்க் கெண்டிக்குக் காவல் நிற்கும் தாய்மார்களே, கில்வர்னா ஊராரே! கூரை வேயும் அட்ராக்டாவின் வணக்கம்.

நம் கொல்லர் மலாக்கி டர்கனிடம் என்ன குறை? வேலை இல்லையா? வாசலில் குதிரைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அதுதான் குறை! குதிரை சாணம் போடுகிறது, உலை புகை போடுகிறது, மலாக்கி சத்தம் போடுகிறார். கொல்லுப்பட்டறையைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொல்லுப்பட்டறையே இடைஞ்சல்! கட்டடமோ ஊருக்குச் சொந்தம். ஆகவே மலாக்கியை வெளியேற்றிவிட்டு, அவர் நின்ற இடத்தில் சாயம் பூசிய பொம்மைக் கொல்லரை நிறுத்துவதாம். அதற்குத்தான் இன்று வாக்கெடுப்பு. பின்னால் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அடுத்து கூரைமேல் எனக்கும் ஒரு பொம்மை வரும்.

சென்ற செவ்வாயன்று என் கத்திக்குப் பிடி போடப் பட்டறைக்குப் போயிருந்தேன். தலைவர் அளவு நாடாவோடு வந்தார்.

"மலாக்கி, எல்லாம் ஊர் நல்லதுக்குத்தான்பா. நீ கொஞ்சம் விட்டுக்கொடு."

மலாக்கி, இரும்பை வைத்து அடித்துக்கொண்டிருந்த பட்டடைமேல் சுத்தியலை வைத்தார். "ஆகட்டும் கோல்மன். போறதுக்கு முன்னாடி பட்டடையை மட்டும் திருப்பி வெச்சுட்டுப் போறேன்."

"எ... எந்தப் பக்கம்?"

"உன் வீடு எந்தப் பக்கம் இருக்கு?"

கொல்லர் சாபமிட்டுப் பட்டடையை யார் பக்கம் திருப்புகிறாரோ, அவர் வீடு உருப்படாது. இது நம் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தலைவருக்குத் தெரியாதா? அதையே 'மூதாதையரின் மூடநம்பிக்கை' என்று பொம்மைக்குப் பக்கத்தில் பலகையில் எழுதி மாட்டப் போகிறவர் அவர்தானே! அந்தப் பகுத்தறிவாளர் நாடாவைப் போட்டுவிட்டு ஓடிய ஓட்டத்தில், லாடத்துக்கு நின்ற குதிரையே மிரண்டது.

எனக்குச் சிரிப்பைவிடக் கோபமே அதிகம். உழைக்கிற மனிதனைத் தெருவில் தள்ளி, அவன் உருவத்துக்கு விளக்குப் போடுவதா கலைப்பற்று? பொம்மையா உங்கள் குதிரைக்கு லாடம் அடிக்கும்? பொம்மையா உங்கள் வாயிற்கதவுக்குக் கீல் வைக்கும்?

மலாக்கி இன்னும் பட்டடையைத் திருப்பவில்லை. இதோ, கதவோரம் நிற்கிறார், யார் கை உயர்கிறதென்று பார்த்துக்கொண்டு. வாக்கெடுப்பை நானே நடத்துகிறேன். மலாக்கி வெளியேற வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்.

ஒருவருமில்லையா? பெரியோர்களே? தலைவர் அவர்களே, உங்கள் கைகள் இரண்டும் ஏன் சட்டைப்பைக்குள் இருக்கின்றன?

தீர்மானம் தோற்றது. அதைத் தோற்கடித்த உங்கள் அச்சத்துக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. தேநீர் ஆறுகிறது, வணக்கம்.