சரிங்க தாரணி

சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். அய்யம்பாளையத்தைத் தாண்டி, மருதாநதி அணைப் பக்கம் போகிற மண்பாதை. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. ஆள் நடமாட்டம் கிடையாது. பாதை முடிகிற இடத்தில் ஒரு சின்ன ஓடுபாதை... தனியாருடையது. ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு குட்டி விமானம். அவ்வளவுதான்.

அந்தக் கதவை யாராவது சாத்துங்கள். பனி உள்ளே வருகிறது. ஆம்... இது என் சிநேகிதி சௌம்யாவின் அக்காவுக்கு நடந்தது. பெயர் தாரணி. விமானத்தில் இருக்கிற ரேடியோ, திசை காட்டும் திரை, இந்த மாதிரிக் கருவிகளைப் பழுது பார்ப்பதுதான் அவள் வேலை. கெட்டிக்காரி. பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள்.

விமானம் கோகுல் என்பவருடையது. பழனியில் லாட்ஜ் வைத்திருக்கும் குடும்பம். விமானம் ஓட்டுவதில் அவருக்குப் பைத்தியம். ஆனால் சில மாதமாக விமானத்தில் ஒரு விசித்திரமான கோளாறு. திரையைப் போட்டால் ரேடியோ செத்துவிடும். ரேடியோவைச் சரி செய்தால் ஹெட்போனில் ஒரு ஊளைச் சத்தம் வரும். எல்லாம் ஒன்றோடொன்று கோத்த கருவிகள் இல்லையா... ஒன்றைத் தொட்டால் இன்னொன்று மக்கர் செய்யும்.

தாரணி ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றினாள். ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தாள். கடைசியில் கருவிப் பலகைக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எர்த் வயர் பச்சைக் களிம்பேறிக் கிடந்தது. சுரண்டி, சுத்தம் செய்து, முறுக்கினாள். ஊளை நின்றது. ஹெட்போனில் அப்படி ஒரு அமைதி.

வெளிச்சம் இருக்கும்போதே ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிடலாம் என்றார் கோகுல். அணை வரைக்கும் போய், இடது பக்கம் திரும்பி, வந்துவிட வேண்டியது. வலது பக்கம் திரும்பக் கூடாது. அங்கே மலை.

தாரணி கையடக்க ரேடியோவோடு ஓடுபாதை ஓரத்தில் நின்றாள். பக்கத்தில் காவல்காரர் மாயன். விமானம் எழும்பியது. பெட்ரோல் வாசம் காற்றில் நின்றது.

"கேக்குதா சார்?"

"தெளிவா கேக்குது."

அவ்வளவுதான். அதற்கப்புறம் தாரணி ரேடியோவில் பேசுவதற்கான பொத்தானை அழுத்தவில்லை. மலையிலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது... கொதித்த பால் வழிகிற மாதிரி. அப்போது ரேடியோவில் கோகுலின் குரல்.

"சரிங்க தாரணி. வலது பக்கம் திரும்புறேன்."

அவள் மாயனைப் பார்த்தாள். மாயன் அவளைப் பார்த்தார்.

"தாயி... நீங்க வாயே தொறக்கலையே. அவரு யாருகிட்டப் பேசுறாரு?"

தாரணி பொத்தானை அழுத்தி, வலது பக்கம் வேண்டாம், இடது பக்கம் திரும்புங்கள் என்றாள். இரண்டு தடவை, மூன்று தடவை. பதில் வந்தது. ஆனால் அவளுக்கு வந்த பதில் இல்லை.

"சரிங்க. நீங்க சொல்ற ஒயரத்துலயே போறேன்."

நிதானமான குரல். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி. செல்போனில் கூப்பிட்டாள். கொட்டகைக்குள்ளே சார்ஜில் கிடந்த அவர் போன் அடித்தது. நெருப்பைப் பார்த்தாவது திரும்பட்டும் என்று மாயன் விழுந்து கிடந்த தென்னை மட்டைகளை இழுத்துப் போட்டுப் பற்ற வைக்கப் பார்த்தார். பனியில் நனைந்த மட்டை... புகைந்ததே தவிர எரியவில்லை. தாரணி தொண்டை கிழியக் கத்தினாள். மாயனும் ரேடியோவுக்குள் வாயை வைத்துக் கத்தினார்.

"ஒண்ணுமே தெரியலங்க, ஒரே மேகம்" என்றார் கோகுல். கொஞ்சம் இடைவெளி விட்டு, சிரித்தார். "பரவால்ல. ஒங்களத்தான நம்பி ஏறியிருக்கேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் தாரணி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பொத்தானிலிருந்து மட்டும் விரலை எடுக்கவில்லை. எப்போதாவது விட்டால்தானே அவர் குரல் கேட்கும்... அதற்காக மட்டும் விடுவாள்.

கடைசியாகக் கேட்டது இதுதான். "ஆங், ஓடுபாதை தெரியுது. வெளக்கெல்லாம் போட்டு வச்சிருக்கீங்களே. எறங்குறேன்."

அந்த ஓடுபாதையில் விளக்கே கிடையாது.

மோதிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. என்ஜின் சத்தம் மேகத்துக்குள் போனது, அப்புறம் இல்லை. அவ்வளவுதான். தேன் எடுக்கப் போன மலைச்சனங்கள்தான் பிறகு விமானத்தைப் பார்த்தார்கள். காட்டுச் சரிவில், மரங்களுக்கு நடுவே. நெருப்புப் பிடிக்கவில்லை. இறங்கும்போது இறக்கைத் தகடுகளை எப்படித் தாழ்த்தி வைப்பார்களோ, அப்படியே தாழ்த்தி வைத்திருந்ததாம். கோகுல் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் பயமே இல்லை என்றார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரிகள் தாரணியைக் கூப்பிட்டார்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னாள். மாயனும் சாட்சி சொன்னார். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த விமானத்தின் ஒலிப்பெட்டியில் ஒரு வசதி உண்டு. விமானி கடைசியாகக் கேட்ட பேச்சை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சரியாகக் காதில் விழாவிட்டால் திரும்பப் போட்டுக் கேட்பதற்காக. பெட்டி உடையாமல் கிடைத்திருந்தது. மேசையில் வைத்து, மின்சாரம் கொடுத்து, அழுத்தினார்கள்.

முதலில் ஊளைச் சத்தம். அதற்குள்ளே, எங்கோ ஆழத்தில், தாரணி கத்துகிறாள். "திரும்புங்க சார்... மலை, மலை..." மாயனின் குரலும் இருக்கிறது.

அதற்கு மேலே, ரொம்பப் பக்கத்தில், இன்னொரு குரல். அதுவும் தாரணியின் குரல்தான். மூச்சு வாங்காத, பொறுமையான குரல்.

"பின்னாடி ஒருத்தி கத்துறா, கேக்குதுங்களா சார்? அது நான் இல்ல. நீங்க எறங்குங்க."