நாக்கு இழுத்தால் மிட்டாயா மருந்து?

எங்கள் பாடகர் குழுவின் தலைவர், பெருமதிப்பிற்குரிய த்யார்ட் போல்ஹைஸ் அவர்களே! குழுவை வளர்த்தெடுத்த பெரியோர்களே! க்ரோனிங்கன் நகரத்துக் காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்துப் பாட வரும் தாய்மார்களே! வணக்கம். ஆண்டு விழாவில் நன்றியுரை சொல்லத்தான் என்னை மேடையேற்றினீர்கள். நன்றி கடைசியில் வரும். முதலில் என் கோபம் வரட்டும்.

என் தங்கை ஸ்வான்ட்யே இன்று எங்கே? மருத்துவமனையில். எதனால்? நீங்கள் அன்போடு நீட்டிய அதிமதுர மிட்டாயால்!

ஒத்திகையில் பாடிக்கொண்டிருந்தவளுக்கு நாக்கு சுருண்டு இழுத்துக்கொண்டது. கண்ணில் நீர் முட்டியது. தலைவர் அவர்களே, அப்போது என்ன சொன்னீர்கள்? "விடும்மா, வாய் ஓயாமப் பேசுற நாக்கு, கொஞ்சம் கோவிச்சுக்கிச்சு." மன்றமே சிரித்தது. உடனே மிட்டாய்ப் பை கைமாறியது. "ரெண்டு வாயில போட்டுக்க, சரியாயிடும்." தொண்டை கட்டினால் மிட்டாய், தும்மினால் மிட்டாய், நாக்கு இழுத்தாலும் அதே மிட்டாய்! வாரக்கணக்கில் தின்றாள். கால் துவண்டது. நெஞ்சு படபடத்தது. வீட்டுப் படியிலேயே சரிந்தாள்.

மருத்துவர் என்னைக் கேட்டார்: "தினமும் பை பையாவா தின்னாங்க? அதிமதுரம் உடம்புல இருக்கிற பொட்டாசியத்தை வெளியேத்திடுமே. நாக்கும் தசைதான், இருதயமும் தசைதான்."

என்ன ஃபோக்கே, முன்வரிசையில் உட்கார்ந்து முணுமுணுக்கிறீர்? "எங்கப்பா தொண்ணூறு வயசு வரைக்கும் தின்னாரு, நானும் தின்னுறேன்" என்கிறீரா? தின்றார், யார் மறுத்தது? எல்லா நாக்கும் மிட்டாயால் இழுப்பதில்லை. தண்ணீர் குடிக்காமல் மணிக்கணக்கில் பாடினாலும் இழுக்கும். கால்சியம், மக்னீசியம் குறைந்தாலும் இழுக்கும். சில மாத்திரைகளாலும் நரம்புக் கோளாறாலும் இழுக்கும். ஒருமுறை வந்து போனால் தண்ணீர் குடித்து, நாக்குக்கு ஓய்வு கொடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரைப் பாருங்கள். நாக்கு வீங்கி மூச்சு முட்டினாலோ, பேச்சு குழறி முகம் கோணினாலோ, நெஞ்சு படபடத்துத் தடுமாறினாலோ தாமதிக்காதீர்கள், ஆம்புலன்சை அழையுங்கள்! அங்கே யார் சிரிப்பது? சிரித்தது போதும்.

ஏன் ஃபோக்கே, தாடைக்கடியில் கை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறீர்?

"ஒண்ணுமில்ல ஆல்ட்யே. ஒரு மாசமா அப்பப்ப இழுக்குது."

நெஞ்சு எப்படி இருக்கிறது?

"அதுவும்... கொஞ்சம் படபடன்னுதான் இருக்கு."

அசையாமல் உட்காரும். தலைவர் அவர்களே, என் முகத்தைப் பார்த்தது போதும், ஆம்புலன்சுக்குப் போன் போடுங்கள். பொறுமையோடு கேட்ட சபைக்கு நன்றி, அனைவருக்கும் வணக்கம். வழி விடுங்கள், நான் அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.