பாவாடையின் மூன்று மடிப்பு

துணிக்குப் பங்கீடு வந்து, கண்ட்ரோல் துணிக்கு வரிசையில் நின்ற காலம். விழுப்புரத்தில் நான் பாசஞ்சர் ரயில் ஏறியபோது எதிர்ப் பலகையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் ஒரு சிறுமியின் பச்சைப் பாவாடையை மடியில் வைத்து, ஊசிமுனையால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“புதுசாட்டம் கீது, ஏம்மா பிரிக்கிற? அளவு தப்பாப் பூடுச்சா?” என்று மூத்தவள் கேட்டாள்.

“அளவு சரிதாங்கக்கா. எங்க நாத்தனார் பொண்ணுக்குப் பொங்கலுக்குன்னு நானே கையால தைச்சேன். கொழந்த காய்ச்சல்ல பூடுச்சுன்னு காலையில திண்டிவனத்துலேர்ந்து சேதி வந்துச்சு. அங்கதான் போய்க்கினு இருக்கேன்.”

“அதுக்கு இத ஏன் பிரிக்கணும்?”

“அவ மேல தாய்மாமன் வூட்டுக் கோடி போடணுமே. தைச்ச துணியப் போடக் கூடாது. கடையில ஒரு முழம் துணி கெடைக்கல. இது அவ இன்னும் உடுத்தாதது.”

மூத்தவள் தன் பக்கத்து ஓரத்தை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினாள்.

“அடியில என்னம்மா, இம்மாந் துணிய மடிச்சி வெச்சிருக்க?”

“மூணு மடிப்புக்கா. வளர வளர ஒண்ணொண்ணாப் பிரிச்சி வுடலாம்னு வெச்சேன். அஞ்சாறு வருசத்துக்கு வேற பாவாடை வாங்க வேணாம்னு பார்த்தேன்.”

மயிலம் வருவதற்குள் மூன்று மடிப்பும் பிரிந்துவிட்டன. இருவரும் துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து விரித்தார்கள்.

“அகலம் பத்துமாக்கா?”

“பத்தும்மா. நல்லாவே மூடும்.”