மாலை போட்ட படம்

பிள்ளை வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, மிஸ்; சிறுவர் பாதுகாப்பு ஆபீஸிலிருந்து வந்திருக்கிற உங்களுக்குத் தெரியாததா. பிள்ளையின் மனம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

பிரேமினி என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷன் விட்டுவிட்டுப் போனபின், நடக்கப் பழகிய தர்ஷிகாவை என்னிடம் தந்துவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். என் வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் நிற்கிறார், தீபாவளிக்குத்தான் வருவார். மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், இரண்டு காம்பரா வீட்டில், நானும் பிள்ளையும் மட்டும்தான்.

வேலை செய்கிற வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் அவளுக்குப் போன் கொடுப்பார்கள். அந்த வீட்டில் தமிழ் பேச ஆளில்லை. "அரிசி கழுவுறப்ப அரிசிகிட்டயே பேசுறேன் அண்ணி" என்று சிரிப்பாள். பிறகு அழுவாள். "பாப்பாவ ஒருக்கா காட்டுங்க. அவ மூஞ்சியப் பாத்தாத்தான் அடுத்த வெள்ளி வரைக்கும் நான் மனுசியா இருப்பேன்."

ஒருத்தி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பதை அவளே சொல்லிவிடுவாள். நாம் தேட வேண்டியதில்லை.

போனை வைத்ததும் "அம்மா எப்ப வரும்?" என்று பிள்ளை அழும். சோறு இறங்காது. வரும் என்று சொன்னால் அந்தக் கேள்வி தீராது. காத்திருக்கிற பிள்ளை மறக்காது, மிஸ்; வராது என்று தெரிந்த பிள்ளைதான் மறக்கும். ஆகவே உள் காம்பராவில் பிரேமினியின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்தேன். "அம்மா சாமிகிட்ட போயிருச்சு" என்றேன். தினமும் பூ வைக்கப் பழக்கினேன். கொஞ்ச நாள் அழுதது. பிறகு என்னை அம்மா என்றது.

பக்கத்து வீட்டுச் சோலைமலையின் பெண்சாதி ஒருநாள் பார்த்துவிட்டாள். "ஏன்டி, உசிரோட இருக்கறவளுக்கா வெளக்கு ஏத்துற? பைத்தியமா ஒனக்கு?"

"ஆயுசு கூடும்னு கோடாங்கி குறி பாத்துச் சொன்னாருக்கா" என்றேன். மறுநாள் அவளே எண்ணெய் கொண்டுவந்து தந்தாள்.

அதிலிருந்து பிரேமினிக்குப் பிள்ளையைக் காட்டாமல், சிக்னல் இல்லை, பாப்பா தூங்குகிறது என்று சொல்லி வந்தேன். பிறகு அவள் சொன்னாள்: "சித்திரைக்கு வந்துருவேன் அண்ணி. பாப்பாவ இனி நானே பாத்துக்குறேன். நீங்க பட்டது போதும்." நல்ல மனதோடுதான் சொன்னாள்.

அந்த வாரம் முழுவதும் பிள்ளைக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொடுத்தேன். செத்தவர்கள் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது, கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை தலைவாரி, விளக்கேற்றி, படத்துக்கு முன்னால் உட்காரவைத்து, வீடியோவைப் போட்டுப் போனை அதன் கையில் கொடுத்தேன்.

"தங்கம், அம்மாடா" என்றாள் பிரேமினி.

பிள்ளை போனை எறிந்துவிட்டு, பேய் பேய் என்று அலறி என் மடிக்குள் புகுந்தது. நான் போனை எடுத்து, படம் முழுசாகத் தெரியும்படி பிடித்தேன்.

"அண்ணி, நான் செத்துட்டேனா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. "ஆமா பிரேமினி. இங்க எல்லாருக்கும் அப்படித்தான்" என்றேன்.

இப்போது அங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். சோறு வைத்தால், "செத்தவளுக்கு எதுக்கு?" என்று தள்ளிவிடுகிறாளாம். அவள் பேச்சு அங்கே யாருக்கும் விளங்கவில்லையாம். குவைத்திலேயே வேலை செய்கிற எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

எல்லாம் தெரிந்தே நான் செய்ததுதான், மிஸ். நீங்கள் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில், காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். பிள்ளையிடம் மட்டும் எதுவும் கேட்காதீர்கள். தாயைப் பறிகொடுத்த பிள்ளை; மனசு தாங்காது.