மதிலுக்கு அந்தப் பக்கம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் மாமியாருக்கு நடந்தது.

சாயங்காலம், இருட்டுகிற நேரம். அருங்காட்சியகத்தின் பின்பக்கச் சாலை… ஆள் நடமாட்டமே இருக்காது. தையல்கடையைச் சாத்திவிட்டு அந்த அம்மா மகளோடு அங்கேதான் போவார். சாலையோர மதிலுக்கு உள்ளே, உடைந்த சிலைகளை நிறுத்திவைத்த தோட்டம். அவருடைய மூத்த மகளுக்கு அதுதான் உலகம். தலையில்லாத கல் சிங்கத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு, கண்டுபிடிக்கச் சொல்வாள். ஏழு வயதில் காய்ச்சல் வந்தது… போய்விட்டாள்.

மறு வருஷம், அவள் போன அதே நாளில் அம்மா தனியாகப் போனார். மூடும் மணி அடித்தது. ஈர மண் வாசனை… கூடவே குழந்தைப் பவுடர் வாசனை. சிங்கத்தின் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அவளேதான். ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். காவலாளியின் விசில் கேட்டதும்… கைக்குள் ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து அம்மா ஒரு வருஷமும் தவறவில்லை. அவருக்குத் தலை நரைத்தது, முகம் சுருங்கியது. குழந்தை அப்படியே இருந்தாள். ஓடி வந்தவள் நடந்து வந்தாள். பிறகு தயங்கினாள். ஒரு வருஷம் சிங்கத்தின் பின்னாலேயே ஒடுங்கிக்கொண்டாள்.

"தெரியாதவங்ககூட பேசக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க."

சொல்லிக்கொடுத்ததே அந்த அம்மாதான்.

வீட்டுக்கு வந்து சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். கடைசியில் இளைய மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். என் நண்பனின் மனைவிதான் அவள், அம்மாவை உரித்து வைத்த ஜாடை.

"ஒரே ஒரு தடவை போய் நில்லுடி. அவ காத்துக்கிட்டே இருக்கா."

அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் இளையவள் நினைத்தாள். ஆனாலும் அடுத்த வருஷம் அம்மாவின் பழைய பூப்போட்ட உடுப்பைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் போனாள். அம்மா மதிலுக்கு வெளியே நின்றார்.

மணி அடித்தது. உள்ளே சரளைக்கல்லில் சின்னப் பாதங்கள் ஓடும் சத்தம்… "அம்மா."

வெளியே நின்றவருக்குத் தாங்கவில்லை. தன்னை மறந்து, "வந்துட்டேன் கண்ணு" என்று குரல் கொடுத்துவிட்டார்.

சத்தம் நின்றது.

திரும்பி வந்த இளையவளின் முகத்தில் ரத்தமே இல்லை. "உன் குரல் கேட்டதும் என்னை நிமிர்ந்து பாத்தாம்மா. நீங்க யாருன்னு கேட்டா. அப்புறம் மதில் பக்கமா ஓடிட்டா."

அம்மா மதிலில் காதை வைத்தார். உள்ளிருந்து, இடுப்பு உயரத்தில்… யாரோ சின்னக் கையால் தட்டினார்கள்.

அதற்குப்பின் அவர் உள்ளே போகவே இல்லை. முகத்தைக் காட்டாமல், வருஷா வருஷம் வெளியே நின்று பேசிவிட்டு வருவார். போன குளிர்காலத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். இனியாவது இருவரும் சேர்ந்திருப்பார்கள் என்று நாங்கள் மனசைத் தேற்றிக்கொண்டோம்.

இந்த வருஷம் அதே நாளில் என் நண்பனின் மனைவி அந்தச் சாலைக்குப் போனாள். மணி அடித்தது. மதிலில் காதை வைத்தாள்.

உள்ளிருந்து அதே சின்னக் கை… வெளியே, அவளுக்குப் பக்கத்தில் ஆளே இல்லாத இடத்தில் இன்னொரு கை. மதிலின் இரண்டு பக்கமிருந்தும் தட்டுகிறார்கள்.