வெளி மண் கூடாது

தமிழ்கூறும் நல்லுலகம் செவிசாய்க்க வேண்டிய முக்கிய அறிவிப்பு ஒன்று: உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் அன்புக்கரசி அவர்களே, மூன்று கேள்வி கேட்டு, வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள். நான் யார், அந்தச் சுவரில் என்ன இருக்கிறது, வாசலில் நிற்கும் புல்லட் யாருடையது. மூன்றுக்கும் பதில் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் இரண்டாவது தடவையாகக் கூப்பிட்டதும் என் காதில் விழுந்தது. "ஏனுங்கய்யா, சீக்கிரம் எழுதுங்க. கொழந்த உசுருங்க" என்றீர்கள். அவசரமாக எழுதினால் என் கையெழுத்து எனக்கே புரியாது.

நான் பாலுசாமி. வயது ஐம்பத்தேழு. பல்லடம் பக்கம் ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருந்தேன். சுரேந்தரின் சாயப்பட்டறைத் தண்ணீர் என் கிணற்றுக்கு வந்தது. முதலில் இளநீர் கரித்தது, பிறகு மரங்கள் தலை கவிழ்ந்தன. "போர்த் தண்ணி ஒரு மாதிரி இருக்குதுங்க" என்று என் மனைவி தெய்வாத்தாள் சொன்னாள். வெயில் காலம் அப்படித்தான் என்றேன். ஆறு வருடத்தில் அவளுடைய இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் இரண்டு தடவை புல்லட்டில் உட்காரவைத்து டயாலிசிஸுக்குக் கோயம்புத்தூர் கூட்டிப்போனேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி வருவாள். இரண்டு வருடம் அப்படி வந்தாள், பிறகு வரவில்லை. வைத்தியத்துக்காக நிலத்தை விற்றேன். செத்த நிலத்தை யார் வாங்குவார்கள்? சுரேந்தரே வாங்கினார். கோர்ட்டு உத்தரவால் பட்டறை மூடிக் கிடந்தது. மிச்சமிருந்த கழிவுச் சேற்றை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து என் கிணற்று மேட்டில் புதைத்து, மேலே வேலி போட்டார். நான் கட்டட வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்தேன்.

பிறகு சுரேந்தருக்கு மனச்சாட்சி வந்தது. பணக்காரர்களுக்கு அது வரும்போது கூடவே ஒரு ஆர்க்கிடெக்டும் வருவார். வந்தவர் பெயர் சசிதர். கட்டுகிற காண்ட்ராக்டை சுரேந்தர் எனக்கே கொடுத்தார். சசிதர், காயப்பட்ட நிலத்தின் மேல் செருப்போடு நடப்பது வன்முறை என்று வெறுங்காலில் இறங்கினார். நெருஞ்சி முள் ஏறி, அன்று மதியமே ஊசி போட்டுக்கொண்டார்.

"பாலுசாமியண்ணா, நாம கட்டப்போறது வீடு இல்லைங்க. நிலத்துக்கிட்ட கேக்கற மன்னிப்பு" என்றார்.

"மன்னிப்புக்கு எத்தன பாத்ரூமுங்க?"

"நாலு" என்றார். அவருக்குச் சிரிப்பு வராது.

திட்டம் இதுதான். முன்பக்கம் வெளியூர்க்காரர்கள் வந்து நிலத்தோடு மௌனமாக உட்கார ஒரு கூடம், பின்பக்கம் சுரேந்தர் குடும்பம் குடியிருக்க அறைகள். நடுவில் என் பழைய கிணறு, கண்ணாடி மூடி போட்டு. எட்டிப் பார்த்த சசிதர், "யார் இந்தக் கிணற்றைக் கொன்றது?" என்று மேடைப் பேச்சுக் குரலில் கேட்டார். சுரேந்தர் தலையைக் குனிந்தார். மரியாதைக்கு நானும் குனிந்தேன்.

சுவர் முழுக்க மண். இரண்டு பலகைக்கு நடுவே எட்டு அங்குலம் கொட்டி, ஐந்து அங்குலமாக இடித்து ஏற்றுவது. அடுக்கடுக்காக நிறம் தெரியும். அதில் சசிதர் ஒரு சட்டம் வைத்தார்: வெளி மண் கூடாது. ஒரு கூடைகூட வேலிக்கு வெளியிலிருந்து வரக்கூடாது. இந்த நிலத்தில் இருப்பது மட்டும்தான் சுவரில் இருக்க வேண்டும்.

நான் சட்டத்தை மதிக்கிறவன். கிணற்று மேட்டைத் தோண்டினேன்.

சேறு காய்ந்தால் ஊதா கலந்த சாம்பல் நிறம். மூட்டையில் ஈரமாக, கறுப்பாகப் பார்த்திருந்த சுரேந்தருக்கு அடையாளம் தெரியவில்லை. சசிதர் அதைத் தடவிப் பார்த்து, "இது நிலத்தோட தழும்பு" என்று சொல்லி நாற்பது படம் எடுத்தார். ஏதோ ஒரு விருதும் வந்தது. மேஸ்திரி மாசாணம் மட்டும் கையைச் சொறிந்துகொண்டே வந்து, "ஏனுங்க, இது பட்டறச் சேறாட்டம் இருக்குதுங்க" என்றார். கையுறை வாங்கிக் கொடுத்தேன். அவர்தான் இப்போது உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷன், அவரை விட்டுவிடுங்கள்.

இதுவரை யாரும் செய்யக்கூடிய வேலைதான். சுரேந்தரின் சேற்றைச் சுரேந்தரின் கண்ணெதிரே நிறுத்தினேன், அவ்வளவுதான். கூடத்துச் சுவர்களுக்கு மேலே கெட்டியாகப் பூச்சும் கொடுத்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது.

ஒருநாள் சுரேந்தரின் மனைவி லோகப்பிரியா மகளைக் கூட்டிக்கொண்டு, வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தது. நாலு வயதுக் குழந்தை ரித்திகா, மண் குவியலில் உட்கார்ந்து வாய் நிறைய மென்றுகொண்டிருந்தாள்.

"பாருங்கண்ணா, சோத்தப் போட்டா துப்பறா, மண்ணக் கண்டா உடமாட்டீங்கறா. பழைய ஊட்டுல செவுத்தையே சொரண்டித் தின்னு போட்டா."

"பிள்ளைங்கன்னா அப்படித்தானுங்க அம்மணி" என்றேன். "பாப்பாவுக்கு எந்த ரூமுங்க?"

வடகிழக்கு மூலை என்றது.

மறுநாள் நானே நின்று வேலை வாங்கினேன். அந்த அறையின் கிழக்குச் சுவரில் ஊதா அடுக்கு தரையிலிருந்து இரண்டடியில் வரும்படி பார்த்துக்கொண்டேன். நாலு வயதுக் குழந்தை நின்றால் வாய் அதற்குச் சற்று மேலே இருக்கும், விரல் நேராக எட்டும். அந்த அடுக்கை மாத்திரம் லேசாக இடிக்கச் சொன்னேன். பூச்சும் கொடுக்கவில்லை. நகம் பட்டால் பொலபொலவென்று உதிரும். ஏன் இங்கே மட்டும் பூச்சு இல்லை என்று சுரேந்தர் கேட்டார். "பாப்பா ரூமுங்க, கெமிக்கல் வேண்டாமுன்னு உட்டுட்டேன்" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

குடிவந்த பிறகு மூன்று தடவை போனேன், கதவு பார்க்க, ஒழுகல் பார்க்க. ஒவ்வொரு தடவையும் அந்த அடுக்கில் பள்ளம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. கடைசித் தடவை என் உள்ளங்கை அதில் அடங்கியது.

ஒன்பது நாளுக்கு முன் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தெய்வாத்தாள் படுத்திருந்த அதே மாடி, அதே மெஷின். குழந்தை என்ன தின்றாள் என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும் என்று டாக்டர் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். சுவர் மண்ணை யாரும் சந்தேகப்படவில்லை. சுரேந்தர் என் தோளில் சாய்ந்து, "அண்ணா, நீங்க பட்டது இப்பத்தானுங்க எனக்குப் புரியுது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும். அதைக் கேட்டதும் அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆரஞ்சை உரித்து வைத்துவிட்டு வந்தேன்.

டாக்டருக்குப் படித்துச் சொல்லுங்கள்: வடகிழக்கு அறை, கிழக்குச் சுவர், இரண்டடி உயரம். சாயப்பட்டறைக் கழிவுச் சேறு. என்னென்ன கலந்தது என்று மூட்டையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதைக் கிழித்துப் பதினைந்து மாதமாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இத்துடன் குத்தியிருக்கிறேன்.

தெரிந்தேதான் செய்தேன். ஆனால் வெளியிலிருந்து நான் எதையும் கொண்டுவரவில்லை. அவர் சேறு, அவர் சுவர், அவர் பிள்ளை. என் தெய்வாத்தாளைக் கொன்றவனுக்கு அவன் கொடுத்ததையே திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாவது கேள்வி பாக்கி இருக்கிறது. புல்லட் என்னுடையதுதான். ஏலச்சீட்டு விழுந்து வாங்கியது என்று தெய்வாத்தாளிடம் சொல்லியிருந்தேன். வாங்கிக் கொடுத்தவர் சுரேந்தர், வற்றின கிணறு சும்மாதானே கிடக்கிறது, உங்கள் சாயத்தண்ணீரை அதில் விட்டுக்கொள்ளுங்கள் என்று நானாகப் போய்ச் சொன்னதற்கு.